பழைய அக்கோடியனின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய அக்கோடியன் இருக்கிற வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வருவதற்கு முன்னமே ஒரு வசனம் வந்துவிடும்: “இது நூறு வருசத்துக்கு மேல, தம்பி. தாத்தா மலாயாவில இருந்து கொண்டு வந்தது.” எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மம்மாவின் தம்பி பாசையூரில் கோயில் பாடகர் குழுவுக்கு வாசித்த பெட்டி அது. மலாயா ரெயில்வேயில் வேலை செய்த பூட்டன் 1920களில் கப்பலில் கொண்டு வந்தது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஒரு நாள் ஆறுதலாக இருந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன், அந்தக் கதைக்கும் பெட்டிக்கும் முப்பது வருசமாவது இடைவெளி இருந்தது. அன்றைக்கு நான் பார்த்த ஒழுங்கில்தான் இதை எழுதுகிறேன், நீங்களும் அதே ஒழுங்கில் பாருங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒரு அடையாளமும் தனியே நின்று வயதைச் சொல்லாது. ஓர் அடையாளம் “இந்த ஆண்டுக்கு முன்னர் செய்திருக்க முடியாது” என்று சொல்லும், இன்னொன்று “இந்த ஆண்டுக்குப் பின்னர் செய்திருக்க முடியாது” என்று சொல்லும், இரண்டு பக்கமும் இருந்து நெருக்கிக்கொண்டு வந்தால் நடுவில் மிஞ்சுவதுதான் வயது. அதனால் ஒரு கொப்பி எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் “முன்னர் இல்லை”, வலப்பக்கம் “பின்னர் இல்லை” என்று எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தொட முன்னர்

துடைக்க வேண்டாம். ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். வெள்ளியோ பொன்னோ பூசிய எழுத்துகள் மிக மெல்லியவை, ஒரு தரம் அழுத்தித் துடைத்தாலே போய்விடும், போனால் உங்களுக்கு இருந்த மிகப் பெரிய தடயம் போய்விடும். முதலில் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள், பிறகு ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து எழுத்து இருந்த இடங்களை எடுங்கள். மை போனாலும் அச்சு அழுத்திய பள்ளம் சரிந்த வெளிச்சத்தில் தெரியும்.

துருத்தியைக் கட்டியிருக்கும் வார்களை அவிழ்த்தவுடன் இழுத்து வாசித்துப் பார்க்கவும் வேண்டாம். பல வருசம் மூடிக் கிடந்த துருத்தியில் தோல் காய்ந்திருக்கும், கறையானோ பூச்சியோ மூலையைத் தின்றிருக்கும். காற்றுப் பொத்தானை (சத்தமில்லாமல் காற்றை விடும் பொத்தான்) அமத்திக்கொண்டு மெதுவாக ஒரு சாண் திறந்து பாருங்கள், இப்போதைக்கு அது போதும்.

எந்தச் சாதி வாத்தியம்?

அக்கோடியன் என்ற பெயரில் ஒரு வாத்தியத்துக்கு முதன்முதலில் உரிமம் பெற்றவர் வியன்னாவின் சிரில் டெமியன், ஆண்டு 1829. ஆனால் அது சின்னக் கைப்பெட்டி. எங்கள் பக்கத்தில் அதிகம் காண்கிற, வலக்கைப் பக்கம் பியானோ மாதிரிக் கட்டையும் இடக்கைப் பக்கம் வரிசை வரிசையாகப் பொத்தானும் உள்ள பெட்டி 1920களிலும் 30களிலும்தான் உலகெங்கும் பரவியது. ஆகவே பியானோக் கட்டை வைத்த பெட்டியைக் காட்டி “150 வருசம்” என்று ஆராவது சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொண்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

வலக்கைக் கட்டைகளையும் இடக்கைப் பொத்தான்களையும் (இவற்றைப் பேஸ் என்பார்கள்) எண்ணி எழுதுங்கள். 41 கட்டை 120 பேஸ் என்பது முழு அளவு. 37 கட்டைக்கு 96, 34 கட்டைக்கு 72 அல்லது 80, இருபத்தைந்து இருபத்தாறு கட்டைக்கு 48 என்று வருவதே வழக்கம். வாங்கவோ விற்கவோ கேட்பவர் முதலில் கேட்பதும் இந்த எண்ணிக்கைதான். வலப்பக்கமும் பொத்தானாக, ஒரே பொத்தான் இழுக்கும்போது ஒரு சுரமும் அமத்தும்போது வேறொரு சுரமும் தந்தால் அது பழைய ஜேர்மன் வழி வந்த சின்னப் பெட்டி. இது பியானோக் கட்டைப் பெட்டிக்கு முந்திய அமைப்பு, ஆனால் இன்றைக்கும் செய்கிறார்கள், ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

எழுத்துகளைத் தேடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முன்பக்க மூடியில் பெரிதாக இருக்கிற பெயரை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது துருத்தியின் ஓரச் சட்டம், கட்டைகளின் பின்பக்கம், பேஸ் பக்கத்தின் அடிப்பலகை, தோள் வார் பூட்டியிருக்கும் வளையத்தின் கீழ், கைவாரின் உட்பக்கம். எங்கள் பெட்டியில் நாடு எழுதிய எழுத்து வார் மறைத்த இடத்தில்தான் இருந்தது. ஐம்பது வருசத் தோல் அதை மூடி வைத்ததால் நேற்று அச்சடித்தது மாதிரி இருந்தது.

நாட்டின் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் நாடுகள் பெயர் மாறியிருக்கின்றன. “மேட் இன் ஜேர்மனி” என்ற குறி பரவியதற்கே காரணம் பிரித்தானியா 1887 இல் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம். “ஜேர்மன் டெமோக்ரட்டிக் றிபப்ளிக்” என்றோ அதன் சுருக்கமோ இருந்தால் அது கிழக்கு ஜேர்மனி, அந்த நாடு இருந்தது 1949 ஒக்ரோபரில் இருந்து 1990 ஒக்ரோபர் வரை. கிளிங்கெந்தால் என்ற ஊரில் செய்த வெல்ட்மைஸ்டர் பெட்டிகள் பலவற்றில் இதைக் காணலாம். “வெஸ்ட் ஜேர்மனி” என்றாலும் அதே கணக்குத்தான். “யூ.எஸ். சோன்” என்று இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜேர்மனி நேச நாடுகளின் கையில் பங்கு போட்டுக் கிடந்த காலம், 1945 ஐ ஒட்டிய சில வருசங்கள். வெறுமனே “மேட் இன் ஜேர்மனி” என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். போருக்கு முந்தியதாகவும் இருக்கலாம், போருக்குப் பின் மேற்கு ஜேர்மனியில் செய்ததாகவும் இருக்கலாம், இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

ஜேர்மன் பெட்டிகளில் சில நேரம் டி.ஆர்.ஜி.எம். என்று நாலெழுத்து இருக்கும். அது சிறு கண்டுபிடிப்புகளுக்கான பழைய ஜேர்மன் பதிவுக் குறி, 1891 இல் தொடங்கி 1945 இல் அந்த அரசு விழும் வரை நடந்தது. அதே இடத்தில் டி.பி.ஜி.எம். என்று இருந்தால் மேற்கு ஜேர்மனிக் காலம். நடுவில் ஓரெழுத்து மாறினால் காலமே மாறுகிறது, ஆகவே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இனி நிறுவனப் பெயர்கள். ஹோனர் 1857 இல் ட்ரொசிங்கன் என்ற ஊரில் மௌத் ஓர்கன் செய்யத் தொடங்கிய நிறுவனம், அக்கோடியன் செய்யத் தொடங்கியது 1903 இல்தான். ஆகவே ஹோனர் அக்கோடியன் எதுவும் அதற்கு முந்தியதாக இருக்காது. மாதிரியின் பெயரும் உதவும்: “மொரினோ” என்ற பெயர், 1928 இல் ஹோனரில் சேர்ந்த வெனான்சியோ மொரினோ என்ற கைவினைஞருடையது, “கோலா” 1952 இல் வந்த ஜொவான்னி கோலாவுடையது. இத்தாலியில் காஸ்டெல்ஃபிடார்டோ என்ற சிறிய ஊர்தான் இந்த வாத்தியத்தின் தலைநகர் மாதிரி, பாவ்லோ சொப்ரானி அங்கே 1863 இல் தொழிலைத் தொடங்கினார். ஸ்ட்ராடெல்லாவில் மரியானோ டலப்பே 1876 இல் தொடங்கினார். இடக்கைப் பொத்தான்களின் இன்றைய ஒழுங்குக்கு ஸ்ட்ராடெல்லா முறை என்று பெயர் வந்தது அந்த ஊரால்தான். “ஃபார்ஃபிசா” என்று இருந்தால் 1946 க்குப் பின்: செத்திமியோ சொப்ரானி, ஸ்கண்டாலி, ஃப்ரொண்டாலினி என்ற மூன்று பழைய நிறுவனங்கள் சேர்ந்து உருவான பெயர் அது.

இந்தத் தொடக்க ஆண்டுகளை ஏன் சொல்கிறேன் என்றால், நிறுவனம் தொடங்கிய ஆண்டைச் சில நேரம் பெயர்த்தகட்டிலேயே போட்டிருப்பார்கள், அதைப் பெட்டி செய்த ஆண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். பொருட்காட்சியில் வென்ற பதக்கங்களின் படமும் அப்படித்தான். அந்த ஆண்டுகளில் கடைசி ஆண்டை மட்டும் “முன்னர் இல்லை” பக்கத்தில் எழுதுங்கள். தொடர் எண்ணிலும் கவனம்: நாலு இலக்கமாக 19 இல் தொடங்கினால் வருசம் என்று தோன்றும், அது வெறும் எண்ணாகவே இருக்கும்.

காஸ்டெல்ஃபிடார்டோவில் செய்த பெட்டிகளில் கடைக்காரர், ஆசிரியர் என்று வாங்கி விற்றவர்களின் பெயர்களையே முன்னால் பொறித்துக் கொடுத்த வழக்கமும் இருந்தது. அதனால் முன்பக்கப் பெயரை எங்கேயும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மனம் தளராதீர்கள், பெட்டி நல்லதாகவே இருக்கலாம்.

ரஷ்ய எழுத்து இருந்தால் அது சோவியத் பெட்டியாக இருக்கும், மாஸ்கோவுக்குப் படிக்கப் போய் வந்தவர்கள் வீட்டில் தேடுங்கள். ஐங்கோண வடிவில் ஒரு முத்திரை இருந்தால் அது 1967 இல் வந்த அரசாங்கத் தரக் குறி. கிளியின் படமும் சீன எழுத்தும் இருந்தால் தியென்ஜின் நகரத்துத் தயாரிப்பு.

உறையையும் கடைத் தகட்டையும் விடாதீர்கள்

வாத்தியத்தை வைத்திருக்கும் பெட்டகத்தை நாங்கள் குப்பை மாதிரிப் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை எனக்கு அதுதான் முதல் சாட்சி. விற்ற கடை தன் விலாசத்தைச் சின்னத் தகடாகவோ கடதாசியாகவோ உள்ளே ஒட்டியிருக்கும். விலாசத்தில் “சிலோன்” என்று இருந்தால் 1972 மே 22 க்கு முன் அச்சடித்த தகடு, அன்றைக்குத்தான் நாடு சிறீலங்கா ஆனது. பழைய தகட்டைக் கடை இன்னும் ஒன்றிரண்டு வருசம் ஒட்டியிருக்கலாம், ஆகவே கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள். சிங்கப்பூர், பினாங்குக் கடை விலாசத்தில் “ஸ்ட்ரெயிட்ஸ் செற்றில்மென்ற்ஸ்” என்று அந்தக் காலப் பிரித்தானியக் குடியேற்றத்தின் பெயர் இருந்தால் 1946 ஏப்ரலுக்கு முந்தியது. “மலாயா” என்று இருந்தால் 1963 இல் மலேசியா உருவாகும் முன். பென்சன் எடுத்து வந்த எங்கள் மலாயாக்காரர்களின் சாமான்களுக்கு இந்த இரண்டு ஆண்டும் பொன்னான அளவுகோல்.

1995 இடப்பெயர்வில் பெட்டகத்தை விட்டுவிட்டு வாத்தியத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு, வாத்தியத்தையே பரணில் விட்டுப் போய்த் திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு. அப்படியான வீடுகளில் இப்போது இருக்கிற பெட்டகம் வேறொரு வாத்தியத்துடையதாக இருக்கலாம். உள்ளே உள்ள துணியில் வாத்தியம் அழுந்திய தடம் இருக்கும், அந்தத் தடத்தில் உங்கள் பெட்டி சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பாருங்கள். உட்காராவிட்டால் கடைத் தகட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உடம்பு

மினுக்கிய மரமும் மரத்தில் இழைத்த வேலைப்பாடும் தெரிந்தால் பெரும்பாலும் பழைய பாணி. 1920, 30களில் இருந்து மரத்துக்கு மேல் செலுலோயிட் தகடு போர்த்தார்கள். சிப்பி மாதிரி மினுங்கும் சிவப்பு, பச்சை, வெள்ளைப் பெட்டிகள் எல்லாம் அதுதான். பெருவிரலால் ஓரிடத்தைச் சூடு பிறக்கும் வரை தேய்த்து உடனே மூக்கில் வைத்துப் பாருங்கள், கற்பூரம் மணக்கும். செலுலோயிட் செய்வதில் கற்பூரம் சேர்வதால் வரும் வாசம் அது, பின்னால் வந்த பிளாஸ்ரிக்கில் இருக்காது. முதல் தரம் மணந்து பார்த்தபோது எனக்குக் கோயில் தீபாராதனை நினைவு வந்தது. ஆனால் சூடான ஊசியாலோ நெருப்பாலோ ஒருபோதும் சோதிக்க வேண்டாம், இது கற்பூரத்தைவிடக் கெதியாகப் பற்றி எரியும் சாமான். உடைந்து நொறுங்கி, பிசுபிசுத்து, பக்கத்திலுள்ள பித்தளை பச்சை பிடித்திருந்தால் செலுலோயிட் உக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதைக் காற்றோட்டமில்லாத தகரப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

முன்பக்க மூடியைப் பாருங்கள். மரத்தில் துளைத்து வெட்டிய பூவேலைக்குப் பின்னால் துணி வைத்திருந்தால் பெரும்பாலும் 1930களோ அதற்கு முன்னரோ. வளைந்த உலோக மூடி அதற்குப் பிந்திய பாணி. குரலை மாற்றும் ரெஜிஸ்டர் சுவிட்ச் கட்டைகளுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ நெம்புகோலாக இருந்தால் பழசு. முன்பக்கத்தில் வரிசையாக, ஒவ்வொன்றிலும் வட்டமும் புள்ளியும் போட்டிருந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. “பெரும்பாலும்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவான மாதிரிகளில் பழைய பாணியைப் பல வருசம் விடாமல் செய்தார்கள்.

திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்தத் திருகாணி 1930களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்காது, பிலிப்ஸ் தலை வந்தது அப்போதுதான். ஆனால் எல்லாம் நேர்கோட்டுத் தலையாக இருக்க ஒன்று மட்டும் கூட்டல் என்றால் அது பழுது பார்த்தவர் போட்டது.

உள்ளே

துருத்தியை உடம்போடு பிடித்திருப்பது சட்டத்தைச் சுற்றிலும் உள்ள சின்ன ஆணிகள். குறட்டின் வாயில் துணி சுற்றி ஒவ்வொன்றாக நேரே இழுங்கள். ஒரு மட்டையில் பெட்டியின் சட்டத்தை வரைந்து, எடுத்த ஆணியை வரைபடத்தில் அதே இடத்தில் குத்தி வையுங்கள், துளைக்குத் துளை ஆணி சிறிது வேறுபடும். இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், மரம் பிளந்தால் திரும்ப வராது. நல்ல மழைக்காலத்தில் திறக்க வேண்டாம், மரம் ஊதியிருக்கும்.

திறந்தவுடன் மரச் சட்டங்களில் வரிசையாக நாக்குகள் தெரியும், ரீட் என்றும் சொல்வோம். ஆர்மோனியம் பழக்கமானவர்கள் பித்தளை நாக்கை எதிர்பார்ப்பார்கள், அக்கோடியனில் நாக்கு உருக்கு. ஒரு சின்னக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனாலே ஈர்ப்புத் தெரியும், தொடவிட வேண்டாம். நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பித்தளையாக இருந்தால் ஆரோ ஆர்மோனியக்காரர் கைவைத்திருக்கிறார். நாக்கைத் தாங்கும் தகடு சாம்பல் நிறமாகக் கனத்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துத்தநாகம், பாரம் குறைந்து வெளிறியிருந்தால் அலுமினியம். துத்தநாகம் பழைய பெட்டிகளிலும் மலிவான பெட்டிகளிலும் அதிகம். தகடுகளை மரத்தில் பிடித்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு. தேன்மெழுகு 60 பாகை செல்சியசைத் தாண்டினால் உருகும், ஆகவே யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் வாத்தியத்தை விட்டுப் போகாதீர்கள்.

இனி எண்களைப் பாருங்கள். தொழிற்சாலையில் ஒரு பெட்டியின் பாகங்கள் மாறாமலிருக்க நாக்குச் சட்டத்திலும் துருத்திச் சட்டத்திலும் உடம்பின் உட்பக்கத்திலும் ஒரே எண்ணை மையாலோ பென்சிலாலோ எழுதுவார்கள். மூன்றும் ஒத்துப்போனால் பெட்டி முழுதும் ஒரே காலத்தது. ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் இரண்டு வாத்தியங்களின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சுதி சேர்த்தவர் பென்சிலால் திகதி எழுதி வைத்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

துருத்தியின் மடிப்புகளுக்குள்ளும் ரோச் அடித்துப் பாருங்கள். எங்கள் ஊர்களில் ஓட்டை அடைக்கக் கையில் கிடைத்த கடதாசியைப் பசை போட்டு ஒட்டினார்கள். வீரகேசரி தொடங்கியது 1930, தினகரன் 1932, யாழ்ப்பாணத்தில் ஈழநாடு 1959. எந்தப் பேப்பர் என்று தெரிந்தாலே பழுது பார்த்த காலத்துக்கு ஓர் எல்லை வந்துவிடும்.

எல்லாவற்றையும் சேர்த்தால்

எங்கள் பெட்டியின் கொப்பிப் பக்கம் இப்படி வந்தது. வாரின் கீழ் கிழக்கு ஜேர்மனியின் பெயர், ஆகவே 1949 க்கு முன்னர் இல்லை. பெட்டகத்தில் கொழும்புக் கடையின் தகடு, “சிலோன்”, வாத்தியம் தடத்தில் சரியாக உட்கார்ந்தது, ஆகவே 1972 ஐத் தாண்டி அதிகம் போகாது. முன்பக்கத்தில் புள்ளி போட்ட சுவிட்ச்கள், உள்ளே மூன்று இடத்திலும் ஒரே எண். பிறகு துருத்தியின் நாலாவது மடிப்பில் விரல் அகலத்தில் ஒரு ஒட்டு, பசை பழுப்பாகி எழுத்துக் கலங்கியிருந்தாலும் ஈழநாடு என்பதும் 1968 மார்கழி என்பதும் வாசிக்க முடிந்தது. துருத்தி 1968 இல் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் அதற்கு முன் சில வருசமாவது வாசித்துத் தேய்ந்திருக்க வேண்டும். 1950களின் நடுவில் இருந்து 60களின் தொடக்கம் வரை என்று எழுதினேன்.

அம்மம்மாவிடம் சொல்லத் தயங்கினேன், சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மலாயாவில இருந்து வந்தது ஆர்மோனியம். இது தம்பி தன்ர முதல் சம்பளத்தில கொழும்பில வாங்கினது” என்றார். இரண்டு வாத்தியத்தின் கதையும் ஒன்றாகக் கலந்து ஒரே பெட்டிக்குள் போயிருந்தது. முதல் சம்பளம் எந்த வருசம் என்று கேட்டேன். அவருக்கு வருசம் நினைவில்லை, ஆனால் தனக்குக் கலியாணம் முடிந்த அடுத்த வருசம் என்றார், கலியாணம் 1957. ஆகவே வீட்டு ஆட்களிடம் கேட்கும்போது வருசத்தைக் கேட்காதீர்கள். ஆர் பிறந்த பிறகு, எந்த வீடு கட்டும்போது, எந்தப் பெருநாளுக்கு முதன்முதல் வாசித்தது என்று கேளுங்கள்.

கடைசி வேலை எழுதி வைப்பது. ஒரு மட்டையில் பென்சிலால் நீங்கள் கண்ட அடையாளங்களையும் இரண்டு எல்லை ஆண்டுகளையும் வீட்டில் சொன்ன கதையையும் சொன்னவர் பெயரோடு எழுதிப் பெட்டகத்துக்குள் வையுங்கள். பேனை மை மாரிக்குக் கலங்கும். பழைய ஒட்டுகளைப் பிடுங்கிப் புதிது போடப் போகிறீர்கள் என்றால் அந்தக் கடதாசித் துண்டையும் ஓர் உறையில் போட்டு அதே மட்டையோடு வையுங்கள். எங்கள் நாலாவது மடிப்பு ஒட்டை நான் இன்னும் கழற்றவில்லை, அதில் காற்றுப் போகவில்லை.